ஒரு வித்தில் பல இயல்பு

“விதையொன்று போட்டால் சுரையொன்றா முளைக்கும்?” என்பது நம் நாட்டு உழவர் வாய்மொழி. இட்ட விதையின் இயல்பே முளைத்த பயிரின் இயல்பு என்பது இதன் கருத்து. நிலத்தில் கண்ட இவ்வுண்மையை மக்கள் எல்லா உயிர்களுக்கும் ஏற்றிக் கூறலாயினர். தாயைப் போலப் பிள்ளை என்றனர். நூலைப் போலச் சேலை என்றனர். இன்னான் இன்ன குடியிற் பிறந்தான். ஆதலின் இன்ன குணமே உடையனாவான் என்று துணிந்தும் கூறினர். இத்துணிபு எத்துணை அளவிற்கு உண்மை? பிறப்பு ஒன்றே ஓர் உயிரின் இயல்பை வரையறுத்து விடுமா? இவ்வினா மிகப் பழமையானது. இதற்கு விடை காணும் பொருட்டு அறிவியலார் மேற்கொண்ட முயற்சிகளுள் சில இப்பாடத்தில் கூறப்பெறும்.

பிறவியின் வழியே வரும் இயல்புகளை ஆராயும் துறைக்கு மரபியல் என்பது பெயர். இச்சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பதாவதும் இறுதியுமாகிய இயல் மரபியல் என்னும் பெயரினதே. விலங்கு, பறவை முதலியவற்றின் இளமைப் பெயர்களையும், ஆண்பாற் பெயர்களையும், பெண்பாற் பெயர்களையும் கூறும் அவ்வியல், உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக ஆறு வகைப்படுத்துகின்றது. அங்கே மரபு என்றது வழிவழி வந்த சொல் வழக்கினை. இன்றைய அறிவியலில் மரபு என்பது பெற்றோரிடமிருந்து மக்களுக்கு உடல்வழி வந்து சேரும் உடைமையைக் குறிக்கும். நிலத்தின் உரிமையை ஏட்டில் எழுதி வைப்பது போல, இவ்வுடைமை உயிரணுக்களின் உட்கருவிலே நுண்ணிய இழைகளில் எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்தின் ஒவ்வொரு பகுதியையும் மரபணு என்பர்.

பிறப்பினால் வருவது இது, பிறவற்றால் வருவது இது என்று பிரித்தறிய வேண்டுமாயின், பிறப்பினால் வேறுபாடே இல்லாத உயிர்கள் வேண்டும். அவற்றிடத்தும் வேறுபாடு தோன்றுமாயின், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் பிறப்பன்று என்பது வெளிப்படை. பிறப்பால் ஒத்த பயிர்களைக் கொங்கு நாட்டு உழவர் நன்கு அறிவர். கரும்பை அவர்கள் விதை தூவிப் பயிர் செய்வதில்லை. கணுவுள்ள துண்டுகளாக வெட்டிக் கரணையாக நடுகின்றனர். ஒரு கரும்பின் கரணைகளிலிருந்து முளைத்தவை எத்துணை ஆயிரமாயினும், மரபணு அளவில் அவை அந்த ஒரு கரும்பே ஆகும். கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வேங்கடராமன் ஆகிய அறிஞர்கள் நாட்டுக் கரும்பினையும் நாணலினத்தைச் சார்ந்த காட்டுக் கரும்பினையும் கலந்து புதிய இனங்களைத் தோற்றுவித்தனர். அவற்றுள் கோ. 205 என்பது 1918ஆம் ஆண்டில் உழவர்க்கு வழங்கப்பட்டு வட இந்திய வயல்களிற் பரவியது. ஒரே செடியின் கூறுகளே அவ்வயல்களில் எல்லாம் நின்றன எனலாம்.

ஒரே இனக் கரும்பாயினும், வாய்க்காலை அடுத்து நிற்பது பருத்து நெடிது வளர்கிறது. மேட்டில் நிற்பது மெலிந்து குறுகுகிறது. இவ்வேறுபாடு நீராலும் எருவாலும் வந்ததென எவரும் எளிதில் உணர்வர். ஆயினும் கரும்பு நின்ற இடத்திலேயே நிற்பது. அஞ்சுதல், துணிதல், தேடுதல், ஒளிதல் ஆகிய செயல்கள் அதற்கு இல்லை. அச்செயல்களை உடைய உயிர்களுள்ளும் ஒரே அச்சில் வார்த்தாற் போன்றவை உளவோ?

உள. அவ்வுயிரும் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலேயே வாழ்கிறது. பருத்தி, கத்தரி, வெண்டை ஆகிய செடிகளின் இளந்தளிரைப் புரட்டிப் பார்த்தால், இலையின் அடிப்புறத்தே எள்ளினும் சிறிய பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதைக் காணலாம். அவற்றிற்கு அசுவினி என்பது பெயர். அவை கழிக்கும் இனிய நீரை விரும்பி எறும்புகள் அவற்றைச் சூழ்ந்து திரியும். அந்நீர் படிந்த இலைகளில் கரிய பூசணம் படரும், பயிர் நலியும். உழவர்க்குப் பகையாகிய இவ்வுயிர், மரபியல் அறிஞர்க்கோ அரியதொரு கருவியாக அமைந்தது. பருத்தியைத் தாக்கும் அசுவினி, வெப்பம் மிக்க நாடுகளில் ஆணின் துணையின்றியே ஆண்டு முழுவதும் பெருகுகின்றது. பெண் பூச்சி முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனும். தாயின் மரபணுத் தொகுதி அவ்வாறே மகளுக்கு வரும். தாய் வயிற்றில் மகள் வளரும்போதே, அம்மகளின் வயிற்றில் பேத்தியின் கருவும் உருவாகத் தொடங்கியிருக்கும். எனவே ஒரு தளிரில் மொய்க்கும் கூட்டம் பெரும்பாலும் ஒரே தாயின் படிகளாகவே இருத்தல் கூடும்.

இப்புதுமையை முதன்முதல் ஐயமற நிறுவியவர் ஜெனீவா நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் பொன்னே என்பவர். 1740ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபது வயது இளைஞராயிருந்த அவர், அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியைக் கண்ணாடிக் குடுவையின்கீழ்த் தனியே அடைத்து வைத்தார். வேறு பூச்சி எதுவும் அதனை அணுகாதபடி நாள்தோறும் விடியற்காலை முதல் இரவு வரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியிருந்தார். ஆணையே காணாத அப்பூச்சி வளர்ந்து 95 குஞ்சுகளை ஈன்றது. கற்றோர் வியந்தனர். பொறுமையோடு ஒன்றை உற்று நோக்குதல் அறிவியலின் முதற்படி என்பதற்கு அவ்விளைஞரின் முயற்சி என்றும் சான்றாக நிற்கும்.

இனி, ஒரே தாயின் படிகளாகிய இவ்வசுவினிகள் உருவிலும் செயலிலும் ஒத்தே இருக்கின்றனவா என்று நோக்குவோம். தளிரில் இடம் விசாலமாகவும் சாறு மிகுதியாகவும் உள்ளவரை பெரும்பாலானவை சிறகின்றியே பிறக்கின்றன. கூட்டம் நெருங்கித் தளிரும் வாடத் தொடங்கினால், அதே தாய் சிறகுடைய மகள்களை ஈனத் தொடங்குகிறது. சிறகில்லாதது இருந்த இடத்தில் இருந்து உண்டு பெருகும். சிறகுடையதோ காற்றில் எழுந்து புதிய வயலைத் தேடிச் செல்லும். மரபணு ஒன்றே, வாழ்க்கை இரண்டு.

உருவத்தில் வேறுபாடு இல்லாதவையும் செயலில் வேறுபடுகின்றன. அசுவினியை உண்ணும் பொறிவண்டு ஒன்று தளிரில் ஏறிற்றாயின், சில அசுவினிகள் பிடியை விட்டுத் தரையில் விழும்; சில நடந்து அகலும்; சில அசையாது இருந்தபடியே உண்ணும். விழுவதால் உயிர் தப்பலாம். ஆனால் உணவை இழந்து, சுடுமண்ணில் கிடந்து, வேறு செடியைத் தேடி அலைய நேரும். இருப்பதால் உணவு நிலைக்கும். உயிர் போகவும் கூடும். பட்டாணிச் செடியில் வாழும் அசுவினிகளைக் கொண்டு செய்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரே தாய்வழிப் படிகளாகிய பூச்சிகளுள்ளும் சில மீண்டும் மீண்டும் விழுகின்றன என்றும், சில மீண்டும் மீண்டும் விழாதிருக்கின்றன என்றும் காட்டிற்று. ஒருமுறை விழுந்தது தற்செயலாகலாம். பன்முறை அவ்வாறே செய்தலை இயல்பு என்றே கொள்ளல் வேண்டும்.

எழுதப்பட்ட ஏடு ஒன்றாயிருக்க, அதன் பயன் மட்டும் வேறு வேறாதல் எங்ஙனம்? இதனை விளங்கிக் கொள்ளக் காங்கேயம் கன்று நல்ல எடுத்துக்காட்டாகும். காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு திங்கள் ஆனதும் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும். காளையாக வளர்ந்தபின் திமிலிலும் முன்புறத்தும் பின்புறத்தும் கருமை படரும். காயடித்த எருதில் அக்கருமை நிலைப்பதில்லை. இவ்வளவு மாற்றத்திற்கும் இடையே அவ்விலங்கின் மரபணுக்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது எழுத்தன்று, எவ்வெழுத்து எப்போது எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதே.

பழைய நாளில் மாணாக்கர் நிகண்டினை மனப்பாடம் செய்வர். ஒரே நிகண்டைக் கற்ற இருவருள் ஒருவர் போர்க்களத்தைப் பாடுவார். மற்றவர் மழையைப் பாடுவார். சொற்களஞ்சியம் இருவர்க்கும் பொது. எடுத்தாண்ட சொற்களோ வேறு. மரபணுத் தொகுதியும் இத்தகையதே. கண்ணின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் மூளையின் நரம்பணுவிலும் இருப்பது ஒரே தொகுதிதான். ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய மரபணுவை மட்டும் படியெடுத்து, அப்படியின்படி புரதங்களை ஆக்கிக் கொள்கிறது. வேண்டாதவை மூடிய ஏடாகக் கிடக்கும். இவ்வாறு மரபணு செயற்படுதலை மரபணு வெளிப்பாடு என்பர். எத்தனை படிகள் எடுக்கப்பட்டன என்பதை அளந்தால், எந்த மரபணு ஓங்கி நிற்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதை அறியலாம். மூளையில் இவ்வளவை எடுத்து விலங்கின் செயலோடு ஒப்பிடும் முறை இவ்வாறு பிறந்தது.

இவ்வாராய்ச்சிக்குப் பேருதவி புரிந்தது தேனீ. கொங்கு நாட்டின் தென்னந்தோப்புகளிலும் முருங்கைத் தோட்டங்களிலும் தேன் தேடித் திரியும் தேனீயை அறியாதார் இலர். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்பிற்குப் பயிற்சியும் அளிக்கப்பெறுகிறது. ஒரு கூட்டில் உள்ள வேலைக்காரத் தேனீக்கள் அசுவினிகளைப் போல ஒரே அச்சுப் படிகள் அல்ல. தாய் ஒன்றாயினும் தந்தையர் பலர். ஆயினும் ஒவ்வொரு தேனீயும் தன் சிறு வாழ்நாளிலேயே இருவேறு தொழில்களை மேற்கொள்கிறது. இளமையில் கூட்டினுள் இருந்து புழுக்களுக்கு உணவூட்டும் செவிலியாகும். ஏறக்குறைய மூன்று வாரம் சென்றபின் வெளியே பறந்து பூந்தேனும் மகரந்தமும் கொணரும் தேடியாகும். இருளில் இருந்தது ஒளியை நாடுகிறது. வழி தெரியாதது கூட்டிற்குத் திரும்பும் வழியை நினைவிற் கொள்கிறது. மலர் உள்ள திசையைத் தோழியர்க்கு ஆடிக் காட்டுகிறது. மரபணு மாறாதிருக்க, செயல் முழுதும் மாறுகின்றது.

தேனீயின் மூளை ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான். அதனுள் ஏறக்குறைய பத்து இலட்சம் நரம்பணுக்கள் உள்ளன. அமெரிக்க நாட்டு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் விட்ஃபீல்டு, ராபின்சன் முதலிய அறிஞர்கள் செவிலித் தேனீக்களின் மூளையையும் தேடித் தேனீக்களின் மூளையையும் ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 5,500 மரபணுக்களை அவர்கள் அளந்தனர். அவற்றுள் 39 விழுக்காடு மரபணுக்களின் வெளிப்பாடு இருசாராரிடத்தும் வேறுபட்டிருந்தது. இவ்வேறுபாடு தொழிலால் வந்ததா, வயதால் வந்ததா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனை நீக்க, ஒரே வயதினவாகிய இளந்தேனீக்களை மட்டும் கொண்டு கூடு அமைத்தனர். தேடுவார் இல்லாத அக்கூட்டில், இளந்தேனீக்களுள் சில காலத்திற்கு முன்பே வெளியே பறந்தன. ஏனையவை செவிலியராகவே இருந்து மூத்தன. அப்போதும் மூளையில் கண்ட குறி, வயதைக் காட்டிலும் தொழிலையே பெரிதும் ஒத்திருந்தது. ஒரு தேனீயின் மூளை அளவீட்டை மட்டும் கொண்டு அது செய்த தொழில் இன்னதென்று கூற முயன்றபோது, 60 தேனீக்களுள் 57 தேனீக்களுக்கு விடை சரியாக அமைந்தது.

இன்னும் ஒரு படி மேலே சென்ற ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரபணு இழையின்மேல் மீத்தைல் என்னும் சிறு வேதிப்பொருள் குறிபோல ஒட்டிக்கொள்வதுண்டு. ஏட்டின் ஓரத்தில் இட்ட குறி, இதனைப் படி, இதனை விடு என்று காட்டுவது போல, அக்குறி மரபணு வெளிப்பாட்டை மாற்றும். செவிலிக்கும் தேடிக்கும் இக்குறிகள் வேறுபட்டிருந்தன. அறிஞர்கள் கூட்டிலிருந்து செவிலியரை நீக்கினர். உணவின்றித் தவிக்கும் புழுக்களைக் காக்கத் தேடித் தேனீக்களுள் சில மீண்டும் செவிலியாயின. அவ்வாறு திரும்பியவற்றின் மூளையில் பல குறிகளும் செவிலிக்குரிய பழைய நிலைக்கே திரும்பியிருந்தன. கூட்டின் தேவை, செயலை மாற்றிற்று. மூளையின் உள்ளே எழுதிய குறியும் அதனோடு மாறிற்று.

உணவின் ஆற்றலும் இங்கே கருதத்தக்கது. எந்தப் பெண் புழு அரசியாகும், எது வேலைக்காரியாகும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதற்கு ஊட்டப்படும் உணவே. அரசியாதற்குரிய புழுவிற்குச் செவிலியர் தம் தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து சுரக்கும் உணவையே நிறைய அளிக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் செய்து 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், மீத்தைல் குறியை இடும் புரதத்திற்குரிய மரபணுவைப் புழுப்பருவத்திலேயே அடக்கினர். அவ்வாறு செய்யப்பட்ட புழுக்களுள் பெரும்பாலானவை அரசிகளாகவே வளர்ந்தன. அரசியின் பெருமையும் வேலைக்காரியின் உழைப்பும் ஒரே ஏட்டின் இரு வேறு வாசிப்புகள் என்பது இதனால் விளங்கும்.

உணவும் தொழிலும் ஒன்றாகவே இருந்தால் வேறுபாடு ஒழிந்துவிடுமா? இதற்கு விடை கூறுவது ஒரு சிறு மீன். டெக்சாஸ், மெக்சிகோ பகுதி நீர்நிலைகளில் வாழும் அம்மீனினத்திற்கு அமேசான் மொல்லி என்பது பெயர். ஆற்றின் பெயர் அன்று அது. பழங்கதையில் வரும் போர்மகளிரின் பெயர். அவ்வினத்தில் உள்ளவை யாவும் பெண்ணே. தாயின் படிகளையே அவை ஈனுகின்றன. பெர்லின் நகரத்து அறிஞர்கள் குஞ்சுகளைப் பிறந்த அன்றே பிரித்து, ஒரே அளவான தொட்டிகளில், ஒரே வகை உணவளித்துத் தனித்தனியே வளர்த்தனர். சில வாரம் கழித்து நோக்கியபோது, சில மீன்கள் ஓயாது நீந்தின. சில ஒதுங்கி நின்றன. நாளுக்கு நாள் அவ்வியல்பு மாறாதிருந்தது. 2017ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் 2022ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வேறுபாடு பிறந்த முதல் நாளிலேயே தோன்றிவிடுகிறது என்றும், நாள் செல்லச் செல்ல மிகுகிறது என்றும் காட்டிற்று.

பாலூட்டும் விலங்குகளிடத்தும் இது காணப்பட்டது. பல தலைமுறையாக நெருங்கிய உறவிலேயே இனம் பெருக்கப்பட்டு, மரபணு முழுதும் ஒத்துவிட்ட எலிகள் ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஜெர்மனி நாட்டு அறிஞர் கெம்பர்மன் முதலியோர் அத்தகைய 40 சுண்டெலிகளைப் பல தட்டுகளும் குழாய்வழிகளும் அமைந்த ஒரு பெரிய கூட்டில் மூன்று திங்கள் ஒன்றாக வாழவிட்டனர். ஒவ்வொன்றின் உடலிலும் சிறு மின்குறி பொருத்தி, எது எங்கே செல்கிறது என்பதை இடைவிடாது பதிவு செய்தனர். தொடக்கத்தில் சிறிதாக இருந்த வேறுபாடு வளர்ந்துகொண்டே சென்றது. சில எலிகள் கூட்டின் மூலை முடுக்கெல்லாம் சுற்றின. சில ஓரிடத்தையே பற்றி நின்றன. முடிவில் மூளையை ஆராய்ந்தபோது, மிகப் பரந்து திரிந்த எலிகளின் மூளையில், நினைவிற்குரிய பகுதியில் புதிதாய்ப் பிறந்த நரம்பணுக்கள் மிகுந்திருந்தன. 2013ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. மூளை மிகுந்ததனால் எலி திரிந்ததா, திரிந்ததனால் மூளை மிகுந்ததா என்று கேட்கலாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் எனக் கருத இடமுண்டு. நடந்த கால் வழியை ஆக்குகிறது. ஆகிய வழி மேலும் நடக்கத் தூண்டுகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், ஒரே வித்தில் பல இயல்பு தோன்றுதற்குரிய காரணங்களை மூன்றாகக் கூறலாம். முதலாவது, உணவும் இடமும் கூட்டமும் போன்ற புறச்சூழல். இரண்டாவது, அவ்வுயிர் தானே செய்து பெறும் பட்டறிவு. மூன்றாவது, கரு வளரும்போது நேரும் நுண்ணிய தற்செயல். சென்னிமலையிலும் சிறுமுகையிலும் ஒரே தறியில், ஒரே பாவில், ஒரே கைகள் நெய்த இரு துணிகளை எடுத்துப் பார்த்தாலும் இழையின் நெருக்கம் சிறிதளவேனும் வேறுபடும். நூலைப் போலச் சேலை என்பது மெய்யே. ஆயினும் ஒரே நூலில் நெய்த இரு சேலைகளும் முற்றும் ஒன்றல்ல. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளின் கைரேகை வேறுபடுவதும் இத்தகையதே.

இவ்வறிவினால் வரும் பயன் யாது? உழவர்க்கு முதற்கண் பயனுண்டு. அசுவினிக் கூட்டம் முழுதும் ஒரே படியாயினும், சில விழும், சில நிற்கும், சில சிறகு பெற்று அடுத்த வயலுக்குப் பறக்கும் என்று அறிந்தவர், இலையை மட்டும் நோக்கிப் பூச்சி ஒழிந்ததென்று எண்ணியிரார். கூட்டம் நெருங்கிச் சிறகுடையவை தோன்றுமுன்பே பயிரை நோக்கிக் காப்பார். கால்நடை வளர்ப்போர்க்கும் இதிற் பாடம் உண்டு. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், ஓர் எருமையின் உயிரணுவைக் கொண்டே அதன் படியாகிய கன்றினை உண்டாக்கும் முறை கைகூடிற்று. அவ்வாறு 2010ஆம் ஆண்டில் பிறந்த கரிமா-2 என்னும் எருமை 2013ஆம் ஆண்டில் மகிமா என்னும் கன்றை ஈன்றது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயம் காளை போன்ற சிறந்த விலங்கிற்கும் இவ்வாறு படி எடுக்கலாம் என்று எவரேனும் எண்ணுதல் கூடும். எலும்பும் உருவும் ஒத்திருக்கலாம். நுகத்தில் பணிதலும், ஆளைக் கண்டு மருளாமையும், வழியறிந்து நடத்தலும் அதன் வளர்ப்பையும் பொறுத்தவை. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பல்வண்ணப் பூனைக்குப் படியெடுத்தபோது, பிறந்த குட்டியின் மயிர்நிறம் கூடத் தாய்ப்பூனையின் நிறத்தை ஒத்திலது. நிறமே ஒவ்வாதபோது குணம் எங்ஙனம் முழுதும் ஒக்கும்?

இவ்வுண்மையைக் கற்றோர், மற்றொரு முனைக்குச் சென்று, பிறப்பால் ஆவது ஒன்றுமில்லை எனவும் துணிதல் கூடாது. எத்துணை நல்லுணவு ஊட்டினும் அசுவினி பொறிவண்டாகாது. எவ்வளவு நீர் பாய்ச்சினும் நாணல் கரும்பின் இனிமையைத் தாராது. மரபணு எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் எவ்வழி செல்வது என்பதை உணவும், சூழலும், முயற்சியும், தற்செயலும் கூடி ஆக்குகின்றன. பூச்சியிலும் மீனிலும் எலியிலும் கண்ட முடிவுகளை அப்படியே மக்கள்மேல் ஏற்றிக் கூறுதலும் முறையன்று. மனிதன் மொழியால் கற்பவன். பிறர் சொல்லால் ஊக்கமும் பெறுவான், சோர்வும் அடைவான். தன் செயலைத் தானே நினைந்து திருத்தவும் வல்லவன்.

ஆயினும் ஒன்று துணிந்து கூறலாம். மரபணு முழுதும் ஒத்த சிறு மீனிலும் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையதாக இருக்குமாயின், மரபணுவும் வளர்ப்பும் வெவ்வேறாகிய மக்களுள் ஒருவனை அவன் குடியையும் ஊரையும் தந்தையின் தொழிலையும் மட்டும் கேட்டு அளந்துவிடல் இயலாது. வகுப்பில் பின்தங்கிய மாணவனை நோக்கி, இவன் வழியே இப்படித்தான் என்று கூறுவோர், ஏட்டின் மேலட்டையைக் கண்டு உள்ளே எழுதியதை ஓதிவிட்டதாக எண்ணுவோரை ஒப்பர். செவிலியில்லாத கூட்டில் முதிய தேனீயும் மீண்டும் செவிலியாயிற்று. தக்க தேவையும், தக்க உணவும், தக்க வாய்ப்பும் வாய்த்தால் மூடிக்கிடந்த ஏடுகள் திறக்கும். அவ்வாய்ப்பினை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளிப்பது பெற்றோரும் ஆசிரியரும் ஊராரும் ஒருங்கே ஏற்கவேண்டிய கடமை. கிடைத்த வாய்ப்பினைக் கைவிடாது முயல்வது மாணவர் கடமை. விதை பெற்றோரால் வந்தது. அதனை விளைவிக்கும் நீரும் எருவும் பலர் கையிலும் உள்ளன. அவற்றுள் ஒரு பங்கு தன் கையிலும் உள்ளதென்று அறிந்த மாணவன் தளரான்.